ராம் மாட்டும் முன் எர்த்தைப் பாருங்கள்

கேள்வி: வீட்டு டெஸ்க்டாப்பில் நானே இன்னொரு 8 ஜிபி ராம் போடலாம் என்றிருக்கிறேன். கையில் ஆன்ட்டி ஸ்டாட்டிக் பட்டை கட்டாமல் தொட்டால் ராம் போய்விடும் என்கிறார் நண்பர். கடைக்காரரோ வெறுங்கையால் எடுத்துக் கொடுக்கிறார். எது சரி? (சென்னை)

பதில்: இரண்டிலும் பாதி உண்மை. காற்றில் ஈரம் இருந்தால், உராய்வில் உண்டாகும் நிலைமின்சாரம் (ஸ்டாட்டிக்) உடம்பில் தங்காது, கசிந்து போய்விடும். கடற்கரை ஊரில் ஃபேன் ஓடும் கடையில் உட்கார்ந்திருப்பவர் வெறுங்கையோடு தப்பிப்பது அதனால்தான். இரவெல்லாம் ஏசி ஓடிய அறை அப்படியல்ல. பின்பக்கக் குழாயில் சொட்டும் தண்ணீர் முழுக்க அந்த அறைக் காற்றிலிருந்து போனதுதான். அந்த அறையில் பாலியஸ்டர் சட்டையோடு பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்தாலே உடம்பில் ஆயிரக்கணக்கான வோல்ட் ஏறலாம். சந்தேகமிருந்தால் சீப்பால் தலைவாரி, பேப்பர் துணுக்குகளின் அருகே கொண்டுபோங்கள். துள்ளி ஒட்டினால் அந்த அறையில் ராமைப் பிரிக்காதீர்கள். (எண்ணெய் வைத்த தலைக்கு இந்தச் சோதனை பலிக்காது.)

விரலில் 'சுள்'ளென்று உறைக்கவே சுமார் 3000 வோல்ட் வேண்டும். சிப்புகளைக் கையாளும் தொழிற்சாலைகளோ 100 வோல்ட்டையே எல்லையாக வைத்து வேலை செய்கின்றன. ஆகவே 'எனக்கு ஒன்றும் உறைக்கவில்லையே' என்பது கணக்கில் வராது. அடி பட்ட சிப் உடனே செத்தால்கூட நல்லது, மாற்றிவிடலாம். பாதி அடிபட்டு, சில மாதம் ஓடி, பிறகு காரணம் தெரியாமல் ஹேங் ஆகும்போதுதான் தலைவலி.

ஒரு ராம் மாற்றப் பட்டை கட்டாயமில்லை, ஒழுங்கு போதும். கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்து, பவர் கார்டை உருவி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சமிருக்கும் சார்ஜ் வடியும். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியதும், பெயின்ட் இல்லாத உலோகத்தைத் தொடுங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியை (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளை) கேபினெட்டோடு பிடித்திருக்கும் ஸ்க்ரூ தலை நல்ல இடம். பெயின்ட் மேல் கை வைத்தால் பயனில்லை, அது மின்சாரத்தைத் தடுக்கும். புது ராமைக் கவரோடு அதே கேபினெட் மேல் வைத்து, ஒரு கை உலோகத்தில் இருக்க, மறு கையால் பிரியுங்கள். நீங்களும் கேபினெட்டும் ராமும் ஒரே மின்னழுத்தத்துக்கு வந்துவிட்டால் பாய்வதற்கு ஏதும் இல்லை. ராமை ஓரங்களில் மட்டும் பிடிக்க வேண்டும், தங்க நிறப் பட்டைகளில் விரல் படக்கூடாது. நடுவில் எழுந்துபோய் போன் பேசிவிட்டு வந்தால், முதலில் கேபினெட், பிறகுதான் ராம்.

மாட்டிய பிறகு டிஸ்ப்ளே வரவில்லையென்றால் ஸ்டாட்டிக் மேல் பழி போடாதீர்கள். பெரும்பாலும் ராம் முழுதாக உட்கார்ந்திருக்காது. 'டக்'கென்று கொக்கி பூட்டும் வரை இரண்டு முனைகளிலும் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். மதர்போர்டு லேசாக வளைவதைப் பார்த்துப் பயந்து பாதியில் விடுகிறவர்கள்தான் அதிகம். டிடிஆர்5 (புதிய தலைமுறை ராம்) போர்டு என்றால் ராம் மாற்றியபின் முதல் முறை சில நிமிடம் கறுப்புத் திரையே தெரியும். ராமை அது பழகிக்கொள்ளும் நேரம் அது, நடுவில் அணைக்க வேண்டாம்.

கேள்வி: ஒயரே இல்லாத ஆன்ட்டி ஸ்டாட்டிக் பட்டை ஆன்லைனில் விற்கிறார்கள். வாங்கலாமா? (கோவை)

பதில்: வேண்டாம். சார்ஜ் இறங்கிப்போக ஒரு வழி வேண்டும், ஒயர்தான் அந்த வழி. அது இல்லாத பட்டை வெறும் கைக்காப்பு.

ஒயர் உள்ளதை வாங்கினாலும் மல்டிமீட்டரில் ஒருமுறை சோதியுங்கள். மீட்டரை 2 மெகாஓம் அளவில் வைத்து, பட்டையின் உட்புற உலோகத் தகட்டுக்கும் ஒயர் முனையிலுள்ள முதலைக் கிளிப்புக்கும் இடையே அளக்க வேண்டும். 1 மெகாஓம் அளவில் காட்டினால் சரி. எல்லை தாண்டியதாகக் காட்டினால் ஒயர் அறுந்திருக்கிறது. பூஜ்யம் காட்டினால் கண்டிப்பாகத் திருப்பி அனுப்புங்கள். உள்ளே ரெசிஸ்டர் (மின்தடை) இல்லை என்று பொருள். அந்த ரெசிஸ்டர் இருப்பது உங்களுக்காக. தவறுதலாக 230 வோல்ட்டைத் தொட்டுவிட்டாலும் அந்த ஒயர் வழியே கால் மில்லிஆம்பியருக்கு மேல் போகாது. ரெசிஸ்டர் இல்லாத பட்டை என்றால் உங்களை நீங்களே எர்த்தோடு கட்டிப்போட்டுக்கொண்டு மெயின்ஸில் கை வைப்பது போலத்தான். பட்டை தோலில் இறுக்கமாகப் பட வேண்டும், சட்டைக் கைக்கு மேல் கட்டினால் வேலைக்கு ஆகாது.

கேள்வி: கேபினெட்டின் பின்பக்க ஸ்க்ரூவைத் தொட்டால் விடாமல் 'சுர்ர்' என்கிறது. செருப்பு போட்டிருந்தால் இல்லை. இது ஸ்டாட்டிக்தானே? (திருச்சி)

பதில்: இல்லை. ஸ்டாட்டிக் ஒரே அடியில் முடியும், மறுபடி தொட்டால் இருக்காது. தொட்டுக்கொண்டே இருக்கும்வரை சுரசுரத்தால் அது மெயின்ஸ் கசிவு. உங்கள் ப்ளக் பாயின்டில் எர்த் வேலை செய்யவில்லை.

எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் ஃபேஸிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாக இரண்டு சிறு கப்பாசிட்டர்கள் கேபினெட் உலோகத்துக்கு வருகின்றன. வெளியே போகும் இரைச்சலை எர்த்துக்குத் தள்ளுவது அவற்றின் வேலை. எர்த் இல்லாதபோது கேபினெட் இரண்டுக்கும் நடுவில் மாட்டி, 230இல் பாதியான சுமார் 115 வோல்ட்டில் நிற்கும். எஸ்எம்பிஎஸ் நல்ல நிலையில் இருந்தால் பாயும் மின்னோட்டம் மிகச் சிறியது, ஆளைக் கொல்லாது. ஆனால் உள்ளே இன்சுலேஷன் போன எஸ்எம்பிஎஸ்ஸும் தொடும்போது முதலில் இப்படித்தான் இருக்கும். வெறுங்காலோடு ஈரத்தரையில் நின்று தொட்டுப் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்க வேண்டாம்.

பொருள் இழப்பும் உண்டு. இந்த நிலையில் கம்ப்யூட்டர் ஓடும்போதே எச்டிஎம்ஐ கேபிளை டிவியில் செருகினால், அந்த 115 வோல்ட் கேபிள் முனை வழியே பாயும். எச்டிஎம்ஐ போர்ட் செத்துப்போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். எர்த் சரியாகும்வரை இரண்டின் ப்ளக்கையும் உருவிவிட்டுத்தான் கேபிள் செருக வேண்டும், டிவியோடு இணைந்த கேபிள் டிவி ஒயரையும் சேர்த்து.

மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஃபேஸுக்கும் எர்த்துக்கும் அளந்தால் 230ஐ ஒட்டி வர வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் சில வோல்ட்டுக்குள். இதில் ஒரு மோசடி உண்டு. எர்த் ஒயர் இழுக்கச் சோம்பி, பாயின்டிலேயே நியூட்ரலை எர்த் பின்னோடு முடிச்சுப் போட்டுவிடுவார்கள். வீட்டில் அயர்ன் பாக்ஸ் ஓடும்போதும் நியூட்ரல்–எர்த் இடையே பூஜ்யமாகவே நின்றால் சந்தேகப்படுங்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் அன்றைக்குக் கேபினெட் முழுக்க 230 வோல்ட். பாயின்டைத் திறந்து பார்ப்பதும் எர்த் குழியைச் சோதிப்பதும் எலக்ட்ரீஷியன் வேலை. மீட்டர் 230 காட்டினாலும் எர்த் பலவீனமாக இருக்கலாம், அதை அவர்தான் லோடு கொடுத்துப் பார்க்க முடியும். வந்தவரிடம் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு கண்டால் சப்ளையைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

மூன்று பின் ப்ளக்கை இரண்டு பின் அடாப்டரில் செருகி ஓட்டினாலும் இதே கதைதான். அந்த அடாப்டரைத் தூக்கிப் போடுங்கள்.

கேள்வி: ராம் பின்களை ரப்பரால் தேய்த்தால் சரியாகிறது. தொடரலாமா? (மதுரை)

பதில்: பலருக்கு வேலை செய்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் தேய்ப்பதுதான் ஸ்டாட்டிக் உண்டாக்கும் முதல் வழி. ரப்பர் தூள் ஸ்லாட்டிலும் விழும், மெல்லிய தங்கப் பூச்சும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். பஞ்சு பிரியாத துணியில் ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் தொட்டு ஒரே திசையில் துடைத்து, காய்ந்தபின் மாட்டுங்கள். தூசுக்கு வீட்டு வாக்குவம் கிளீனர் கூடாது, அதன் பிளாஸ்டிக் மூக்கு சார்ஜைச் சேர்த்துவிடும். ப்ளோயர் சரி, ஃபேன் இறக்கை சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு.

கேள்வி: வாங்கி இருபது நாளில் ராம் போய்விட்டது. 'ஸ்டாட்டிக் டேமேஜ், வாரன்டி கிடையாது' என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார் கடைக்காரர். (சேலம்)

பதில்: அப்படிப் பார்த்துச் சொல்ல முடியாது. ஸ்டாட்டிக் துளைப்பது சிப்புக்குள், சில நானோமீட்டர் தடிமனுள்ள படலத்தில். சிப்பைப் பிரித்து நுண்ணோக்கியில் வைத்தால்தான் தெரியும். கருகல், உடைந்த மூலை, தண்ணீர் பட்ட கறை போன்றவை இருந்தால் அவர் பக்கம் நியாயம் உண்டு. இல்லையென்றால் காரணத்தை ஜாப் ஷீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் அந்த இடத்திலேயே பேச்சு மாறும்.

மாறாவிட்டால் தயாரிப்பு நிறுவனத்திடம் நேரடியாக வாரன்டி கேளுங்கள். பல ராம் நிறுவனங்கள் சீரியல் எண்ணை வைத்தே மாற்றித் தருகின்றன. அனுப்பும்போது வெறும் தெர்மாகோலிலோ பாலித்தீனிலோ சுற்றாமல், வந்த கவரிலேயே போடுங்கள். மறுக்க அவர்களுக்குக் காரணம் கொடுக்கக் கூடாது. அடுத்த படி தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதன்பின் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் புகார் தரலாம், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமில்லை.

கேள்வி: வெள்ளி நிறக் கவர், ரோஸ் நிறக் கவர் என்ன வித்தியாசம்? (ஈரோடு)

பதில்: ரோஸ் கவர் தானாகச் சார்ஜ் ஆகாது, அவ்வளவே. வெளியிலிருந்து வரும் அடியைத் தடுக்காது. உலோகப் பூச்சுள்ள வெள்ளிக் கவர் தடுக்கும், வாய் மூடியிருந்தால். வாங்கும்போது ராம் வெள்ளிக் கவரிலோ சீல் பிரிக்காத பிளாஸ்டிக் பேக்கிலோ இருக்கட்டும். டிராயரிலிருந்து மொட்டையாக எடுத்துத் தந்தால் வேறு கேளுங்கள். மதர்போர்டை அந்தக் கவர்மேல் வைத்து ஆன் செய்து சோதிக்கும் பழக்கமும் வேண்டாம், பல கவர்களின் வெளிப்பக்கம் மின்சாரத்தைக் கடத்தும். மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டி மேல் வையுங்கள்.