பின்பாரம்: யூட் வாங்கிய தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டது இதுதானே? ஆஸ்திரேலியாவில், குவீன்ஸ்லாந்தின் இப்ஸ்விச்சுக்கு வந்து எட்டு மாதம். ஏ.சி. மெக்கானிக் வேலை. 1,40,000 கிலோமீட்டர் ஓடிய இசுசு டி-மேக்ஸ் டபுள் கேப் யூட் (பின்னால் சாமான் தொட்டி உள்ள வண்டி) ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறீர்கள். கருவிகளை ஏற்றினால் பின்பக்கம் உட்காருகிறது. பள்ளி விடுமுறைக்கு வாடகைக்கு எடுத்த கேம்பர் டிரெய்லரை மாட்டியதும் எதிரே வருகிறவர்கள் எல்லோரும் லைட் அடித்துக் காட்டினார்கள். ஒரு கடையில் ஏர்பேக் (பின் அச்சின்மேல் வைக்கும் காற்றுப் பை) போடு என்கிறார்கள், இன்னொன்றில் வண்டியை இரண்டு இஞ்ச் தூக்கிவிடு என்கிறார்கள், மூன்றாவது கடை ஜி.வி.எம். (ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்து வண்டிக்குச் சட்டம் அனுமதிக்கும் மொத்த எடை) அப்கிரேடு என்று சில ஆயிரம் டாலருக்குத் தாள் நீட்டுகிறது. எது சரி?

நான் டூவும்பாவில் பதினான்கு வருஷமாக இருக்கிறேன். யூட் மூன்று மாற்றியாகிவிட்டது. மூன்று கடைக்காரர்களும் பொய் சொல்லவில்லை. ஆனால் உங்கள் வண்டியின் எடை என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை, பாருங்கள். எனக்கு அதுதான் உறுத்துகிறது.

எதிரில் வந்தவர்கள் ஏன் லைட் அடித்தார்கள் என்பதிலிருந்து தொடங்கலாம். மாட்டு வண்டியில் பின்பாரம் கூடினால் என்ன ஆகும்? நுகத்தடி மாட்டின் கழுத்தைவிட்டு எழும்பும். யூட்டிலும் அதே கதைதான். டிரெய்லரை மாட்டும் டோ பாரின் பந்து பின் அச்சுக்கு நேர் மேலே இல்லை, ஒன்றேகால் மீட்டர் பின்னால் தள்ளி இருக்கிறது. இரண்டு அச்சுக்கும் நடுவில் மூன்று மீட்டருக்குச் சற்று மேல். கணக்குப் போட்டால், பந்தின்மேல் 200 கிலோ அமர்ந்தால் பின் அச்சின்மேல் சுமார் 280 கிலோ இறங்குகிறது. அந்தக் கூடுதல் 80 கிலோ முன் அச்சிலிருந்து பிடுங்கியது. முன் சக்கரம் லேசாகிறது, ஸ்டியரிங் மிதக்கிற மாதிரி இருக்கும், ஹெட்லைட் மரக்கிளையைப் பார்க்கும். பின்னால் இருக்கும் பட்டை ஸ்பிரிங்கை (அடுக்கிய எஃகுப் பட்டைகள்) இன்னும் தடித்ததாக மாற்றினால் வால் மேலே வரும், லைட்டும் ஓரளவு கீழே இறங்கும். ஆனால் அந்த 80 கிலோ முன் அச்சுக்குத் திரும்பி வராது. பார்வைக்கு வண்டி மட்டமாக நிற்கும், பாரம் இருந்த இடத்திலேயே இருக்கும். இதைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

இரண்டாவது, எந்த ஸ்பிரிங்கும் எந்த ஏர்பேக்கும் வண்டியின் சட்டப்படியான சுமையைக் கூட்டாது. உங்கள் மாடல் 2020-க்குப் பிறகு வந்த ஃபோர் வீல் டிரைவ் என்றால் ஜி.வி.எம். 3100 கிலோ. வெறும் வண்டி சுமார் 2100. மிச்சம் ஒரு டன் என்று கேட்கும்போது நிறைய மாதிரித் தெரியும். கழித்துப் பாருங்கள்: தொட்டியின் மேல்மூடியான கேனோபி ஏணியோடு 120, முன்பக்கக் காப்புக் கம்பியான புல் பார் 60, டிராயர் 70, உங்கள் கருவிகளும் கேஸ் சிலிண்டர்களும் 250, நீங்கள், மனைவி, இரண்டு பிள்ளைகள் சேர்த்து 250, டிரெய்லரின் பந்துச் சுமை 200. மொத்தம் 950. ஐஸ் பெட்டி இன்னும் ஏறவில்லை! விளம்பரத்தில் போடுகிற 3500 கிலோ இழுவையும் இப்படித்தான். வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடைக்கு ஒரு வரம்பு உண்டு, கிட்டத்தட்ட ஆறு டன். 3500 கிலோவைக் கட்டி இழுத்தால் யூட்டுக்கு மிஞ்சுவது இரண்டரை டன்தான்.

அதனால் காசைக் கையில் எடுக்கும் முன் வண்டியை எடை போடும் வே பிரிட்ஜுக்குப் போங்கள். குவாரிகளிலும், சில ஊர்களில் குப்பைக் கிடங்கிலும் பொதுமக்களுக்குப் போட்டுக் கொடுப்பார்கள், பெரிய செலவில்லை. இரண்டு முறை போக வேண்டும். ஒரு முறை வழக்கமான வேலை நாள் சாமானோடு. இன்னொரு முறை விடுமுறைக் கோலத்தில்: டேங்க் நிறைய டீசல், எல்லோரும் சீட்டில், டிரெய்லர் மாட்டியபடி. யூட்டை மட்டும் முழுதாக மேடையில் ஏற்றி (டிரெய்லர் சக்கரம் மேடைக்கு வெளியே) ஒரு எடை, முன் சக்கரத்தை மட்டும் ஏற்றி ஒரு எடை. கழித்தால் பின் அச்சு. மொத்தம் 3100-க்குள் இருந்து பின் அச்சு மட்டும் வரம்பைத் தாண்டிய வண்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பின் அச்சுக்கென்று தனி வரம்பு உண்டு. வண்டியோடு வந்த கையேட்டைப் பாருங்கள்.

போகும் முன் வீட்டு வாசலிலேயே ஒரு வேலை செய்யுங்கள். எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள், நான்கு பக்கமும். பிறகு ஏற்றிவிட்டு மறுபடி அளங்கள். வெறும் வண்டியிலேயே பட்டைகள் வளைவு இழந்து தட்டையாகக் கிடந்தால், பிரச்சினை பாரமில்லை, பட்டைக்கு வயசாகிவிட்டது. 1,40,000 கிலோமீட்டர் முந்தைய முதலாளி எதை ஏற்றினாரோ, யார் கண்டது. பின் டயரில் காற்றும் சரிதானா பாருங்கள். சுமைக்கு எவ்வளவு வேண்டும் என்று கதவுத் தூணில் ஒட்டியிருக்கும்.

சரி, இப்போது கடைக்கு வருவோம். இங்கே பட்டை செட்டைச் சுமைக் கணக்கில் விற்பார்கள்: கான்ஸ்டன்ட் 300, கான்ஸ்டன்ட் 500 என்று. அந்தச் சொல்லைக் கவனியுங்கள். எப்போதாவது 500 கிலோ ஏற்றுவேன் என்பதற்கு அது இல்லை. 500 கிலோ எப்போதும் வண்டியை விட்டு இறங்காது என்பவருக்கானது. இதில் நான் பட்ட பாடு இருக்கிறது. என் முதல் யூட்டுக்கு ஒரு கடையில் "பாரம் நிறைய ஏற்றுவீங்களா?" என்று கேட்டார்கள். நிறைய என்று பெருமையாகச் சொன்னேன். புதுசாக வேலைக்குப் போகிறவனுக்கு அதில் ஒரு மிதப்பு இருக்குமல்லவா. 500 போட்டு அனுப்பினார்கள். அந்த வருஷம் அம்மா ஈரோட்டிலிருந்து விசிட்டர் விசாவில் வந்திருந்தார். சாமானெல்லாம் இறக்கி வைத்துவிட்டு, அவரைப் பின்சீட்டில் உட்காரவைத்து பன்யா மலைக்குக் கூட்டிப் போனேன். ஒவ்வொரு பள்ளத்திலும் வால் எம்பி எம்பி விழுந்தது. பாதி வழியில் அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "இதுக்கு நம்ம மாட்டு வண்டியே தேவலாம்டா" என்றார். அடுத்த மாதமே கழற்றிவிட்டு 300 போட்டேன். இரண்டு முறை கூலி.

ஆகவே தேர்ந்தெடுக்க வேண்டியது உங்கள் உச்சபட்சச் சுமைக்கு இல்லை, வண்டியை விட்டு இறங்கவே இறங்காத சுமைக்கு. உங்களுக்கு அது கேனோபி, டிராயர், கருவிகள்: 440 கிலோ. சனி ஞாயிறு கருவிகளை இறக்கிவிடுவீர்கள் என்றால் 190. நானாக இருந்தால் 300 கிலோ செட்டை எடுத்து, அதே நிறுவனத்தின் ஷாக்கையும் (ஷாக் அப்சார்பர்) சேர்த்துப் போடுவேன். தடித்த பட்டைக்குப் பழைய ஷாக் ஈடு கொடுக்காது. பட்டை திரும்பி எழும்போது பிடித்து நிறுத்துவது ஷாக்கின் வேலை. அது தோற்றால் வண்டி குதித்துக்கொண்டே இருக்கும். ஓல்ட் மேன் ஈமு, டாப்பின்சன்ஸ், டஃப் டாக், அயர்ன்மேன் எல்லாம் இந்த நாட்டுப் பெயர்கள்தான். பெயரைவிட, உங்கள் எடைச் சீட்டைப் பார்த்துவிட்டு எண்ணைச் சொல்கிற கடைதான் முக்கியம்.

ஏர்பேக் பற்றி. அது கெட்ட சாமான் இல்லை. சுமை இருக்கும்போது காற்றடித்து, இல்லாதபோது இறக்கிக்கொள்ளும் வசதி வேறு எதிலும் கிடையாது. ஆனால் அது எங்கே உட்காருகிறது என்று குனிந்து பாருங்கள். பட்டை தன் பாரத்தை முன் கொக்கி, பின் கொக்கி என்று சேஸிஸில் (வண்டியின் அடிச்சட்டம்) இரண்டு இடத்தில் பிரித்துக் கொடுக்கிறது. ஏர்பேக்கோ அச்சுக்கு நேர் மேலே ஒரே இடத்தில் குத்துகிறது. பின்னால் டிரெய்லர் கீழே இழுக்க, நடுவில் ஏர்பேக் மேலே தள்ள, சேஸிஸ் முழங்காலில் வைத்து ஒடிக்கிற கரும்பு மாதிரி ஆகிறது. நண்பர் ஒருவர் ஏர்பேக்கில் காற்றை முழுக்க ஏற்றிக்கொண்டு, கனமான கேரவனோடு, தகரக்கூரை மாதிரி அலையலையாகக் கிடக்கும் மண் சாலையில் நானூறு கிலோமீட்டர் போய் வந்தார். திரும்பி வந்தபின் கேபினுக்கும் பின்தொட்டிக்கும் நடுவிலிருந்த சந்தைக் காட்டினார். மேலே இரண்டு விரல் போனது, கீழே ஒரு விரல்தான். சேஸிஸ் வளைந்துவிட்டது. காப்பீட்டுக்காரர்கள் முதலில் கேட்டதே எடைச் சீட்டைத்தான்.

அப்புறமும் ஏர்பேக்தான் வேண்டும் என்றால், நல்ல பட்டைக்குத் துணையாக மட்டும் வையுங்கள், குறைந்த காற்றில். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிக் குழாய் இருக்கட்டும். ஒரே குழாயில் இணைத்தால் வளைவில் திரும்பும்போது அமுங்குகிற பக்கத்துக் காற்று மறுபக்கம் ஓடிவிடும், வண்டி இன்னும் சாயும். டூவும்பா மலையிறக்கத்தில் அந்த அனுபவம் உங்களுக்கு வேண்டாம்.

இரண்டு இஞ்ச் தூக்குவது வேறு வியாதி. வேலையிடத்து நிறுத்துமிடத்தில் எல்லா யூட்டும் வானத்தைப் பார்த்து நிற்பதைக் கண்டு நமக்கும் ஆசை வரும். 50 மில்லிமீட்டருக்குள் என்றால் பொதுவாகத் தனிச் சான்று கேட்பதில்லை, அதற்கு மேல் கதை வேறு. எவ்வளவு தூக்கினாலும் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லிவிடுங்கள். பழைய ஹைலக்ஸ் போன்ற சில வண்டிகளில் பின் அச்சின் உயரத்தைப் பார்த்துப் பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் ஒரு வால்வு இருக்கும். பின்பக்கத்தை மட்டும் தூக்கினால், வண்டி காலி என்று நினைத்து அது பிரேக்கைக் குறைத்துவிடும். அப்படிப்பட்ட வண்டி வைத்திருக்கிற யாராவது இதைப் படித்தால் கடையில் கேளுங்கள்.

ஜி.வி.எம். அப்கிரேடு மட்டும்தான் சட்டப்படி எண்ணைக் கூட்டுவது. உங்களுடையது ஏற்கெனவே பதிவான வண்டி என்பதால், குவீன்ஸ்லாந்தில் அங்கீகாரம் பெற்றவர் பார்த்து மாற்றத்துக்குச் சான்றான மாடிஃபிகேஷன் பிளேட் அடித்துத் தர வேண்டும். ஜி.வி.எம். கூடினால் இழுவையும் கூடும் என்று நினைக்காதீர்கள். வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த வரம்பு பெரும்பாலும் பழைய இடத்திலேயே நிற்கும். எடைச் சீட்டு வேலை நாளிலேயே 3000-ஐத் தொட்டால் இந்தச் செலவு நியாயம். வருஷத்துக்கு இரண்டு முறை கேம்பருக்காக மட்டும் என்றால், அந்த வாரம் சிலிண்டர்களையும் கருவிகளையும் கராஜில் இறக்கி வையுங்கள். 250 கிலோ இலவசமாகக் குறைகிறது. முன் அச்சு ரொம்ப லேசாகிறது என்று சீட்டு காட்டினால், பாரத்தை முன்னுக்குத் தள்ளும் வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் ஒன்று உண்டு. பறிபோன அந்த 80 கிலோவில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுப்பது அதுதான். உங்கள் வண்டியும் டிரெய்லரும் அதை ஏற்குமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். வாடகை டிரெய்லரில் பல இடங்களில் மாட்டவிட மாட்டார்கள்.

பட்டை மாற்றும் நாளில் இரண்டு விஷயம் சொல்லுங்கள். பட்டையை அச்சோடு கட்டும் யூ-போல்ட் புதிதாகப் போடச் சொல்லுங்கள், பழையதை மறுபடி முறுக்க வேண்டாம். கொக்கி போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்குவது வண்டி சக்கரத்தில் நிற்கும்போது நடக்க வேண்டும், ஜாக்கியில் தொங்கும்போது இல்லை. இல்லாவிட்டால் கொக்கியிலுள்ள ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். முதல் ஆயிரம் கிலோமீட்டருக்குள் திரும்பக் கொண்டுபோய் யூ-போல்ட்டை இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்தச் சனிக்கிழமை வே பிரிட்ஜ் போக முடிந்தால் முன் அச்சு, பின் அச்சு இரண்டு எண்ணையும் எழுதுங்கள். டேப் வைத்து அளந்ததையும் சேர்த்து அனுப்பினால், 300-ஆ வேறா என்று அதைப் பார்த்தே சொல்லிவிடுகிறேன்.