பழைய வீட்டின் வெளிப்பூச்சை மாற்ற எவ்வளவு ஆகும்?

பாளையங்கோட்டையில் முப்பது வருடப் பழைய வீடு, வெளிச்சுவர்ப் பூச்சு உதிர்கிறது, மாற்ற என்ன செலவு என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் பரப்பைப் பாருங்கள். வீடு 30க்கு 40 அடி, உயரம் 11 அடி என்றால் சுற்றளவு 140 அடி, வெளிச்சுவர் 1,540 சதுர அடி. கதவு, ஜன்னல் போக ஏறக்குறைய 1,400. பூச்சு 20 மி.மீ. கனம், ஒரு பங்கு சிமெண்டுக்கு ஐந்து பங்கு மணல் கலவை என்றால் 100 சதுர அடிக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை மூட்டை சிமெண்ட், 8 கன அடி மணல் பிடிக்கும். ஆக, சுமார் 20 மூட்டை சிமெண்டும் ஒரு யூனிட்டுக்கு (100 கன அடி) சற்று மேல் எம்-சாண்டும் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்). இதை இன்றைய கடை விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

சரி, பொருளைவிடக் கூலிதான் கையைக் கடிக்கும். பழைய பூச்சைக் கொத்தி எடுப்பது, கழிவை வண்டியில் ஏற்றி அனுப்புவது, சாரம் கட்டுவது எல்லாம் கொத்தனார் சொல்லும் தொகையில் சேர்த்தியா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். நடுவில் கேட்டால் மனஸ்தாபம்தான்.

முழுச்சுவரையும் கொத்தத்தான் வேண்டுமா? ஒரு கம்பால் தட்டிப் பாருங்கள். பொள்ளலாகச் சத்தம் வரும் இடத்தை மட்டும் எடுத்தால் போதும்; செலவு நன்றாகக் குறையும். அடிச்சுவரில் உப்புப் பூத்திருந்தால் ஈரம் எங்கிருந்து ஏறுகிறது என்று கண்டுபிடித்து அடைக்காமல் பூசவே பூசாதீர்கள். அப்படிப் பூசினால் பூச்சு திரும்பவும் உதிரும்.

அப்புறம், ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலையைத் தொடங்க வேண்டாம். தை பிறந்த பிறகு பூசி, ஏழு நாளாவது தண்ணீர் விடுங்கள்.