வலி கடைசியில்தான் வரும்: பல் நலம் குறித்த வாசகர் கேள்விகள்

பல் நலம் பற்றி வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பல் மருத்துவர் இங்கே பதிலளிக்கிறார். ஒரே பொருளைப் பற்றி வந்த கடிதங்கள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டுள்ளன.

திருச்சியிலிருந்து ஒரு வாசகி: என் மகனுக்கு 6 வயது. கீழ்க் கடைவாயில் இரண்டு பற்கள் சொத்தையாகிவிட்டன. “பால் பல்தானே, தானாக விழுந்துவிடும், அதற்குப் போய்ப் பணம் செலவழிப்பார்களா?” என்கிறார் மாமியார். பல் மருத்துவரோ கட்டாயம் சிகிச்சை செய்யவேண்டும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: பால் பற்கள் விழத்தான் போகின்றன; உங்கள் மாமியார் அதில் தவறவில்லை. எந்தப் பல் எப்போது விழும் என்பதில்தான் கணக்குப் பிசகுகிறது. முன்பற்கள் 6, 7 வயதில் ஆடத் தொடங்குகின்றன. கடைவாய்ப் பால் பற்களோ ஏறத்தாழ 10 முதல் 12 வயது வரை வாயில் இருந்து வேலை செய்யவேண்டியவை. ஆகவே உங்கள் மகன் அந்தச் சொத்தைப் பற்களோடு இன்னும் நான்கைந்து ஆண்டுகள் சாப்பிடவேண்டியிருக்கும். பால் பல்லின் எனாமல் (பல்லை மூடியிருக்கும் கடினமான வெளிப்படலம்) நிலைப் பல்லின் எனாமலைவிட மிக மெல்லியது என்பதால், சொத்தை உள்ளே இருக்கும் நரம்புப் பகுதியை விரைவில் எட்டிவிடுகிறது. அதன் பிறகு வேரின் அடியில் சீழ் கட்டினால், அதற்கு நேர் கீழே உருவாகிக்கொண்டிருக்கும் நிலைப் பல்லின் எனாமலும் பழுதுபடலாம். வலி தாங்காமல் பல்லைப் பிடுங்கிவிட்டாலோ, பக்கத்துப் பற்கள் அந்த இடைவெளியில் சாய்ந்து, பின்னால் வரவேண்டிய பல்லுக்கு இடமில்லாமல் போகும். பல் வரிசை கோணலாகிவிட்டது என்று 13 வயதில் கம்பி கட்டுவதற்காக அழைத்துவரப்படும் பிள்ளைகளில் சிலருக்குக் காரணம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. பிடுங்குவதைத் தவிர வேறு வழியில்லை என்னும் நிலை வந்தால், அந்த இடத்தைக் காத்துவைக்க ஒரு சிறு கம்பி வளையம் பொருத்தச் சொல்லிக் கேளுங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்றை நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்லவேண்டியிருக்கிறது. 6 வயதை ஒட்டி, கடைசிப் பால் பல்லுக்கும் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே மேலும் கீழுமாக நான்கு பெரிய கடைவாய்ப் பற்கள் முளைக்கின்றன. எந்தப் பல்லும் விழாததால் பெற்றோரின் கவனத்துக்கு அது வருவதில்லை. வந்தாலும் இதுவும் பால் பல்தான் என்று எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் அவை ஆயுள் முழுவதும் இருக்கவேண்டிய நிலைப் பற்கள். அவற்றின் மேற்பரப்பில் உள்ள பள்ளங்கள் ஆழமானவை, பிரஷ் எளிதில் நுழையாதவை. முளைத்த இரண்டொரு ஆண்டுகளிலேயே அங்கே சொத்தை விழுந்துவிடுகிறது. சொத்தை விழும் முன்பே அந்தப் பள்ளங்களைப் பிசின் பூசி அடைத்துவிடும் ‘சீலண்ட்’ சிகிச்சைக்கு ஊசியோ துளையிடுவதோ தேவையில்லை. இரண்டு பால் பற்கள் சொத்தையான பிள்ளைக்கு இதை அவசியம் செய்துவிடுவது நல்லது.

7, 8 வயது வரை பிள்ளையால் தானாகச் சரியாகப் பல் துலக்க முடியாது. காலையில் அவன் துலக்கட்டும்; இரவில் நீங்கள் துலக்கிவிடுங்கள்.

சென்னையிலிருந்து ஒரு வாசகர்: நான் இனிப்பே சாப்பிடுவதில்லை. தினமும் காலையில் தவறாமல் பல் துலக்குகிறேன். அப்படியும் மூன்று பற்களில் சொத்தை. அலுவலகத்தில் டீ குடிப்பது மட்டும்தான் பழக்கம், அதுவும் ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை. பரம்பரைக் கோளாறா, அல்லது பல் பூச்சியா?

பதில்: பல்லில் பூச்சி என்று ஒன்று இல்லை. கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை காட்டிப் பூச்சியை வெளியே எடுப்பதாகச் சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்; எடுத்துக் காட்டப்படுவது எதுவாயினும், அது பல்லுக்குள்ளிருந்து வந்ததன்று. சொத்தையை உண்டாக்குபவை கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள். நாம் சாப்பிடும் சர்க்கரையை அவையும் சாப்பிட்டு அமிலமாக மாற்றுகின்றன. வாயின் அமில, காரத் தன்மையைக் குறிக்கும் பி.எச். அளவு 5.5க்குக் கீழே இறங்கும்போது எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்குகின்றன. உமிழ்நீர் அந்த அமிலத்தைத் தணித்து, இழந்த தாதுக்களை மெல்ல மெல்லத் திரும்ப ஏற்றுகிறது. அதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும்.

இப்போது உங்கள் டீயைப் பாருங்கள். சர்க்கரை போட்ட டீயை மணிக்கொரு தரம், அதுவும் மேசையில் வைத்துக்கொண்டு இருபது நிமிடம் வரை சிறுகச் சிறுக உறிஞ்சினால், உமிழ்நீர் பழுது பார்த்து முடிப்பதற்குள் அடுத்த அமிலத் தாக்குதல் தொடங்கிவிடுகிறது. தீபாவளியன்று ஒரே அமர்வில் நாலு ஜாங்கிரி சாப்பிடுகிறவருடைய பல்லைவிட, நாள் முழுவதும் இனிப்பு டீயும் பிஸ்கட்டுமாக இருப்பவரின் பல்தான் அதிகம் கெடுகிறது (ஜாங்கிரியால் வரும் மற்றத் தொல்லைகளுக்குப் பொது மருத்துவரைக் கேளுங்கள்). பல்லைப் பொறுத்தவரை எவ்வளவு சர்க்கரை என்பதோடு எத்தனை முறை என்பதும் சேர்ந்தே கணக்காகிறது. டீயை நிறுத்தச் சொல்லவில்லை. இரண்டாகக் குறையுங்கள், அல்லது சர்க்கரையை விடுங்கள்.

அடுத்ததாக, நீங்கள் துலக்கும் நேரம். காலையில் காபிக்கு முன்பு பல் துலக்குவதை நம் வீடுகளில் யாரும் தவறவிடுவதில்லை. இரவில் துலக்குவதை மட்டும் ஏதோ வெளிநாட்டு நாகரிகம்போல நினைக்கிறோம். தூக்கத்தில் உமிழ்நீர்ச் சுரப்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஒட்டிக்கொண்டிருக்கும் உணவோடு படுத்தால், ஆறேழு மணி நேரம் பல்லுக்குக் காவலே இல்லை. ஒரே ஒரு முறைதான் துலக்க முடியும் என்று யாராவது பிடிவாதம் பிடித்தால், அந்த ஒரு முறை இரவாக இருக்கட்டும் என்பேன். மென்மையான பிரஷ், இரண்டு நிமிடம், ஃபுளூரைடு கலந்த பற்பசை. முடித்த பின் நுரையைத் துப்பினால் போதும். தண்ணீர் விட்டு நாலைந்து முறை கொப்பளித்தால், பல்லின் மேல் தங்கவேண்டிய ஃபுளூரைடும் சேர்ந்து போய்விடும்.

ஆரம்பச் சொத்தைக்கு வலி கிடையாது, ஏனெனில் எனாமலில் நரம்பு இல்லை. வலி தெரியும்போது சொத்தை நரம்பை நெருங்கியிருக்கும். சிறு அடைப்போடு முடிந்திருக்கவேண்டிய செலவு வேர் சிகிச்சை, அதன் மேல் உறை என்று பெருகுவது இதனால்தான். உங்களைப் போல மூன்று சொத்தை வந்தவர் ஆறு மாதத்துக்கொரு முறை காட்டிக்கொள்வது நல்லது.

தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகி: எனக்கும் என் கணவருக்கும் பற்களில் சிறு வயதிலிருந்தே பழுப்புக் கறை. உப்பு, அடுப்புக்கரி எல்லாம் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. தண்ணீரில் உள்ள ஃபுளூரைடுதான் காரணம் என்கிறார்கள். அப்படியானால் ஃபுளூரைடு பற்பசையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

பதில்: கேட்கவேண்டிய கேள்விதான். முதலில் தேய்ப்பதை நிறுத்துங்கள். இது பல்லின் மேல் படிந்த அழுக்கன்று. எனாமல் உருவாகும்போதே அதற்குள் கலந்துவிட்ட குறை. கரியும் உப்பும் செங்கல் தூளும் எனாமலைத் தேய்த்துப் பல் கூச்சத்தைக் கொண்டுவருமே தவிர, கறையை அகற்றமாட்டா.

இந்தக் கறைக்கான காரணத்தைக் கண்டுபிடிக்க முப்பது ஆண்டுகள் ஆயின. 1901இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகருக்குத் தொழில் செய்ய வந்த ஃபிரெடெரிக் மெக்கே என்னும் இளம் பல் மருத்துவர், அங்கே பிறந்து வளர்ந்தவர்களில் பலரின் பற்கள் பழுப்பாக இருப்பதைக் கண்டு, தண்ணீரில்தான் ஏதோ இருக்கிறது என்று ஊகித்தார். அது ஃபுளூரைடு என்பதை 1931இல் ஒரு அலுமினிய நிறுவனத்தின் வேதியியல் வல்லுநரான சர்ச்சில் உறுதிப்படுத்தினார். கறை படிந்த அந்தப் பற்களில் சொத்தை குறைவாக இருந்ததையும் மெக்கே கவனித்திருந்தார். அந்தக் குறிப்பிலிருந்துதான், சிறிதளவு ஃபுளூரைடு பல்லுக்குக் காவல், மிகுந்தால் கேடு என்ற அறிவு பிறந்தது.

தருமபுரி, கிருஷ்ணகிரி பகுதிகளில் நிலத்தடிப் பாறைகளிலிருந்தே ஃபுளூரைடு நீரில் கரைகிறது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் அது லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்கவேண்டும். வேறு நீர் கிடைக்காவிட்டால் 1.5 வரை ஏற்கலாம். உங்கள் பகுதிக்காகவே அமைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கப்பட்டது. காவிரி நீரான அதைக் குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொண்டு, ஆழ்துளைக் கிணற்று நீரைத் துவைக்கவும் குளிக்கவும் பயன்படுத்துங்கள். சமைப்பதற்கும் என்பதை வற்புறுத்துகிறேன். குடிக்க நல்ல நீர், உலை வைக்கப் போர் நீர் என்றிருக்கும் வீடுகளில் சோற்றிலும் குழம்பிலும் அதே ஃபுளூரைடு உள்ளே போகிறது. நீரைக் காய்ச்சினால் ஃபுளூரைடு போகாது; நீர் ஆவியாகி, எஞ்சியதில் அதன் செறிவு கூடவே செய்யும். எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் இயங்கும் ஆர்.ஓ. கருவி அதைப் பெருமளவு நீக்கும்.

நிலைப் பற்களின் எனாமல், ஞானப் பல் நீங்கலாக, ஏறத்தாழ 8 வயதுக்குள் உருவாகி முடிந்துவிடுகிறது. எனவே கறை விழுவதும் விழாததும் அந்த வயதுக்குள் பிள்ளை எதை விழுங்குகிறது என்பதைப் பொறுத்தது. பெரியவர்களான உங்களுக்கு ஃபுளூரைடு பற்பசையால் புதிதாகக் கறை வராது. பிள்ளைகளுக்கும் அது வேண்டும், அளவோடு: 3 வயதுக்குள் ஓர் அரிசி மணி அளவு, 3 முதல் 6 வயது வரை ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்தில் காட்டுவதுபோல் பிரஷ் முழுவதும் நெளிநெளியாகப் பிதுக்குவது பற்பசை விற்பவருக்கு மட்டுமே நன்மை. விழுங்காமல் துப்புகிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். வீட்டு நீரில் ஃபுளூரைடு மிகுதி என்பது சோதனையில் தெரிந்து, பிள்ளை பற்பசையை விழுங்கும் பழக்கமுள்ளதாகவும் இருந்தால், மருத்துவரிடம் அதைச் சொல்லி அவர் கூறும் பற்பசையை வாங்குங்கள்.

உங்கள் கறைக்கு வழி இருக்கிறது. மேலோட்டமான கறையை மருத்துவர் மேற்பரப்பை மிக மெல்லியதாக நீக்கியும் வெளுத்தும் குறைக்கலாம்; ஆழமானதைப் பல் நிறப் பூச்சாலோ மெல்லிய ஓட்டாலோ மறைக்கலாம்.

தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகர்: பல்லைச் சுத்தம் செய்துகொண்டால் எனாமல் தேய்ந்து பல் ஆட ஆரம்பித்துவிடும் என்கிறார்களே?

பதில்: பல்லைச் சுத்தம் செய்யப் பல் மருத்துவர் பயன்படுத்தும் ‘ஸ்கேலிங்’ கருவி அகற்றுவது பல்லின் மேல் கல்லாக இறுகிய காரையை. பல ஆண்டுகளாகச் சேர்ந்த காரை ஈற்றுக்கு அடியில் இறங்கி எலும்பைக் கரைத்திருக்கும். பல் ஏற்கெனவே தளர்ந்திருக்கும். காரைதான் அதை இறுக்கிப் பிடித்திருந்தது. அதை எடுத்ததும் ஆட்டம் வெளிப்படுகிறது. பழி சுத்தம் செய்தவர்மேல் விழுகிறது! வீங்கிய ஈறு வற்றி வேர் சற்று வெளித்தெரிவதால் சில நாட்கள் கூச்சம் இருக்கும். பெரும்பாலும் தானே அடங்கிவிடும்.

விருதுநகரிலிருந்து ஒரு வாசகர்: மேல் பல்லை எடுத்தால் கண் பார்வை போய்விடுமா?

பதில்: போகாது. பல்லின் உணர்வு நரம்பும் பார்வை நரம்பும் வெவ்வேறானவை. பல் எடுக்கும் வயதும் வெள்ளெழுத்து வரும் வயதும் ஒன்றாக அமைவதால் வந்த நம்பிக்கை இது என்று நினைக்கிறேன்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகி: என் தந்தைக்குப் பத்தாண்டுகளாகச் சர்க்கரை நோய். துலக்கும்போது ஈற்றில் இரத்தம் வருகிறது என்று அந்த இடத்தில் பிரஷே படாமல் விட்டுவிடுகிறார். சர்க்கரை இருப்பதால் பல் மருத்துவரிடம் போகவும் பயப்படுகிறார்.

பதில்: இரத்தம் வருவது அங்கே அழற்சி இருப்பதற்கு அடையாளம், துலக்காமல் விட்டால் அது மோசமாகும். மென்மையான பிரஷால் ஈறும் பல்லும் சேரும் இடத்தில் சாய்வாக வைத்துத் துலக்கச் சொல்லுங்கள். சர்க்கரை நோய் ஈறு நோயை வளர்க்கிறது என்பது பலருக்குத் தெரியும். ஈற்றின் நாள்பட்ட அழற்சி இன்சுலினின் வேலையைத் தடுத்துச் சர்க்கரையை உயர்த்துகிறது என்பதுதான் அவ்வளவாகத் தெரிவதில்லை. ஈறு நோய்க்குச் சிகிச்சை செய்த பின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு ஓரளவு குறைவதை ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே சர்க்கரை இருப்பதே பல் மருத்துவரிடம் போகவேண்டியதற்குக் காரணம். காலைச் சிற்றுண்டியையும் மாத்திரையையும் முடித்துக்கொண்டு காலை வேளையிலேயே அழைத்துச் செல்லுங்கள். இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுத்துக்கொள்பவரானால் அதை மருத்துவரிடம் சொல்லவேண்டும். தாமாக நிறுத்திவிடக் கூடாது. புகை பிடிப்பவருக்கு ஈறு நோய் இருந்தும் இரத்தம் அதிகம் வராது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்கிறேன். புகை அந்த அடையாளத்தை மறைத்துவிடுகிறது.

மதுரையிலிருந்து ஓர் ஆசிரியை: எங்கள் பள்ளி மைதானத்தில் ஒரு மாணவன் விழுந்து முன்பல் வேரோடு வெளியே வந்துவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல், பல்லைக் காகிதத்தில் மடித்து அவன் பையில் வைத்து அனுப்பினோம். மீண்டும் இப்படி நேர்ந்தால் என்ன செய்யவேண்டும்?

பதில்: பல்லைப் பிழைக்கவைக்கும் உயிரணுக்கள் வேரின் மேல் ஒட்டியிருக்கின்றன, காய்ந்தால் அவை இறந்துவிடும். காகிதமும் கைக்குட்டையும் அவற்றைக் காய வைப்பவை. வேரைத் தொடாமல், வாயில் வெளியே தெரியும் வெள்ளைப் பகுதியைப் பிடித்துப் பல்லை எடுங்கள். மண் ஒட்டியிருந்தால் பாலிலோ ஓடும் நீரிலோ சில நொடிகள் மட்டும் அலசுங்கள். தேய்க்கவோ சோப்புப் போடவோ கூடாது. மாணவன் நினைவோடும் அமைதியாகவும் இருந்தால், அப்போதே பல்லைக் குழியில் சரியான பக்கம் பார்த்துப் பொருத்தி, சுத்தமான துணியை மெதுவாகக் கடிக்கச் சொல்லி அழைத்துச் செல்லலாம். அதற்குத் துணிவு வராவிட்டால் ஒரு டம்ளர் பாலில் பல்லைப் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பச்சைத் தண்ணீர் வேண்டாம். அரை மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் சேர்ந்தால் நல்ல வாய்ப்பு. ஒரு மணி நேரம் கடந்தால் வாய்ப்பு வேகமாகக் குறையும், ஆனாலும் பல்லைத் தூக்கி எறிய வேண்டாம். விழுந்தது பால் பல்லாக இருந்தால் மட்டும் திரும்பப் பொருத்தக் கூடாது, அடியில் வளரும் நிலைப் பல்லை அது சேதப்படுத்தும். பொதுவாக 6 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் முன்பல் பால் பல். 8 வயதைத் தாண்டிய பிள்ளையினுடையது நிலைப் பல். இடைப்பட்ட வயதில் ஐயம் இருந்தால், பொருத்தாமல் பாலில் போட்டு எடுத்துச் சென்று முடிவை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.