மொசைக் சித்திரம்: விற்பனைக் குறிப்பில் எதை நம்பலாம்?

கேள்வி: மழைச்சாரல் படும் வெளிச்சுவரில் மாட்டுவதற்கு மொசைக் சித்திரம் ஒன்று வாங்க விரும்புகிறேன். விற்பவர் தந்த குறிப்பில் ‘ஸ்மால்ட்டி டெசராக்கள், ஓபஸ் வெர்மிகுலாட்டம், நேரடி முறை’ என்று உள்ளது. விலையும் மிக அதிகம். இச்சொற்களை நம்பி வாங்கலாமா?

பதில்: டெசரா என்பது பதிக்கப்படும் சிறு துண்டு எதற்கும் பொதுப்பெயர்; கல்லாகவோ பீங்கானாகவோ கண்ணாடியாகவோ இருக்கலாம். விலையை உயர்த்துவது ஸ்மால்ட்டி என்ற சொல்தான். நிறம் கலந்த கண்ணாடிக் குழம்பைத் தட்டையாக வார்த்து, ஆறிய பின் துண்டு துண்டாக வெட்டி, பெரும்பாலும் வெட்டிய முகம் மேலே தெரியும்படி பதிப்பார்கள் என்பதால் அதன் பரப்பு ஒருபோதும் முழுச் சமமாக இராது. விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள்; ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு கோணத்தில் ஒளியைத் திருப்ப வேண்டும். இத்தாலியின் ரவென்னா நகரிலுள்ள சான் விட்டாலே தேவாலயத்தில் 6ஆம் நூற்றாண்டுச் சித்திரங்கள் இன்றும் உயிரோடு மின்னுவதற்கு இந்த மேடுபள்ளமும் ஒரு காரணம். ஒட்டாத மாதிரித் துண்டு ஒன்றையும் கேளுங்கள். அது ஒரே அளவுச் சதுரமாக, முன்புறம் வழவழப்பாக, பின்புறம் வரிவரியாக இருந்தால் அச்சில் வார்த்த கண்ணாடி ஓடு. உறுதியான பொருள்தான், ஆனால் அதற்கு ஸ்மால்ட்டியின் விலையைக் கொடுக்கத் தேவையில்லை.

ஓபஸ் வெர்மிகுலாட்டம் என்பது மிகச் சிறிய துண்டுகள் உருவத்தின் வளைவைத் தொடர்ந்து புழுப்போல் நெளிந்து செல்லும் அடுக்குமுறை. பண்டைய ரோமானிய நகரமான பொம்பேயியில் கிடைத்த அலெக்சாந்தர் மொசைக் சித்திரம் இவ்வகையைச் சேர்ந்தது. முகத்திலும் கைகளிலும் வரிசைகள் வளையாமல் கட்டம் கட்டமாக நேரே ஓடினால், அந்தப் பெயர் அங்கே பொருந்தாது. நேரடி முறை தரத்துக்குச் சான்று அன்று. துண்டுகளை நேராக அடித்தளத்தில் ஒட்டியதை மட்டுமே அது சொல்கிறது.

எனக்குக் கவலை தருவது குறிப்பில் இல்லாத செய்தி: அடித்தளமும் பசையும் எவை? மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை ஈரத்தில் ஊதும். பிவிஏ எனப்படும் சாதாரண வெள்ளைப் பசை நனைந்தால் இளகும். எத்தனை உயர்ந்த ஸ்மால்ட்டியானாலும் உதிர்ந்துவிடும். வெளிச்சுவருக்குச் சிமெண்ட் பலகையும் சிமெண்ட் சார்ந்த ஒட்டுச்சாந்தும் வேண்டும். இவ்விரண்டையும், ‘ஸ்மால்ட்டி’ என்ற சொல்லையும் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். அடித்தளத்தைப் பற்றி எழுதித் தர மறுத்தால், அந்தச் சித்திரத்தை ஈரம் படாத உட்சுவருக்கு மட்டுமே வாங்குங்கள்.