கக்கூஸ் எந்த ஊர் வார்த்தை?

வணக்கம் சார்,

வீட்டில் ஒரு சண்டை. நான் 'கக்கூஸ்' என்றால் மகள் முகம் சுளிக்கிறாள், அசிங்கமான வார்த்தையாம். குழந்தைகள் சொல்லும் 'கக்கா'வும் இங்கிலீஷ் 'ஹவுஸ்'ஸும் ஒட்டிப் பிறந்தது அது என்பது என் கட்சி. சரிதானா?

எம்., திருச்சி

அன்புள்ள எம்.,

பொருள் சரி, ஊர்தான் தப்பு. அது முழுக்க டச்சு: 'கக்' என்றால் மலம், 'ஹௌஸ்' என்றால் வீடு. வீடு என்றதும் திண்ணையும் கூடமும் வேண்டாம், அவர்களுக்கு ஆஸ்பத்திரிகூட 'நோயாளிகள் வீடு'தான். மலேசியாவின் மலாக்காவில் அவர்கள் கட்டிய சிவப்புக் கட்டடத்துக்கு இன்றும் 'நகர வீடு' என்ற டச்சுப் பெயர்தான் இருக்கிறது.

இங்கிலீஷிலிருந்து வந்திருந்தால் கெஸ்ட் ஹவுஸ் மாதிரி 'கக்கவுஸ்' என்றல்லவா ஆகியிருக்கும்? 'ஊ' எங்கிருந்து வந்தது? பழைய டச்சில் அந்த இடத்தில் நீண்ட ஊகாரம் இருந்தது, நெதர்லாந்தின் ஸீலாந்து மாகாண வட்டார வழக்கில் இன்றும் ஹகரத்தை விழுங்கிவிட்டு வீட்டை 'ஊஸ்' என்கிறார்கள். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் கணிசமாகக் கிளம்பியது அந்த ஸீலாந்திலிருந்துதான், ஆக மாலுமி வாயிலேயே அது ஏறக்குறைய கக்கூஸாகத்தான் வந்து இறங்கியிருக்கும் என்பது என் ஊகம். நாகப்பட்டினத்தில் 1658 முதல் 1781 வரை இருந்தார்கள், யாழ்ப்பாணத்தில் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக. சிங்களத்தில் 'கக்குஸ்ஸிய', இந்தோனேசியாவில் 'காக்குஸ்'. போன கரையெல்லாம் இதை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், புண்ணியவான்கள்!

உங்கள் 'கக்கா' தனிக் கதை. லத்தீனிலும் அந்தக் காரியத்துக்கு 'ககாரே' என்றுதான் வினை. குழந்தை வாய்க்கு சுலபமான சத்தம், யாரும் யாரிடமும் கடன் வாங்கியிருக்க வேண்டியதில்லை. ஆனால் நம்மிடம் கக்கா ஏற்கெனவே இருந்ததால்தான் கக்கூஸ் அந்நியமாகப் படாமல் ஒட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன்.

மகள் பக்கமும் நியாயம் இருக்கிறது. டச்சிலேயே இன்று அது கொச்சை, 'டபிள்யூ.சி.'யைத் தங்கள் உச்சரிப்பில் 'வேசே' என்று சொல்லி நாசூக்காகத் தப்பித்துக்கொள்கிறார்கள். நாமும் லெட்ரின், பாத்ரூம், ரெஸ்ட் ரூம் என்று ஓடிக்கொண்டுதானே இருக்கிறோம், குளிக்காமலே பாத்ரூம் போய்விட்டு வருகிறோம்.

அப்புறம், அவள் 'துட்டு' என்பாளா, கேட்டுப் பாருங்கள். அதுவும் டச்சுக்காரர்களின் செப்புக்காசுதான், 'டௌட்'. கக்கூஸில் போலவே அங்கேயும் இன்றைய டச்சின் ஔ இருக்கும் இடத்தில் நம்மிடம் உகரம் இருக்கிறது.