துருக்கி பாணி அறை: நடுவை விட்டுவிட்டு ஓரத்தைப் பாருங்கள்

கேள்வி: 12க்கு 14 அடி வரவேற்பறையைத் துருக்கி பாணியில் மாற்ற ஆசை. தங்க முலாம் சோபா செட், கண்ணாடி டீப்பாய், நாலைந்து வண்ண விளக்கு, கம்பளம் என்று வேலை எடுப்பவர் பட்டியல் தந்திருக்கிறார். எதை முதலில் வாங்குவது?

பதில்: பட்டியலிலிருந்து சோபா செட்டை முதலில் அடித்துவிடுங்கள். தங்க முலாம் நாற்காலிகள் ஐரோப்பிய மோகத்தில் வந்தவை. இஸ்தான்புல்லில் 1856இல் முடிந்த டோல்மாபாசே அரண்மனை அதற்குச் சாட்சி. பழைய துருக்கி வீட்டின் மரபு வேறு. 1994இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த சஃப்ரன்போலு ஊரின் வீடுகளில் அதை இன்றும் பார்க்கலாம்.

அங்கே ஓர் அறைதான் படுக்கை, சாப்பாடு, விருந்தினர் எல்லாவற்றுக்கும். ஜன்னலை ஒட்டிச் சுவரோடு சுவராகக் கட்டிய தாழ்வான மரத் திண்ணை ஓடும்; பெயர் ‘செதிர்’. மேலே மெத்தை, முதுகுக்குத் திண்டு. எதிர்ச்சுவரில் ‘யூக்லுக்’ என்ற அலமாரி: காலையில் சுருட்டிய படுக்கை அதற்குள் போய்விடும். குளிக்கும் சிறு மறைவுகூடப் பல வீடுகளில் அந்த அலமாரிக்குள்ளேயே இருந்தது! சாப்பாட்டு நேரத்தில் பெரிய வட்டத் தட்டு வரும், முடிந்ததும் போகும். ஆகவே நடுத்தரை எப்போதும் காலி. கலையெல்லாம் ஓரத்திலும் தலைக்கு மேலேயும்தான். வசதியான வீடுகளில் செதுக்கிய மரக்கூரையின் நடுப்பதக்கத்தில் தச்சன் தன் கைவரிசை முழுவதையும் காட்டியிருப்பான்.

எனவே உங்கள் பணத்தில் பாதியைத் தச்சருக்கு ஒதுக்குங்கள். ஜன்னல் பக்கம் ‘ட’ வடிவில் செதிர், மெத்தையோடு சேர்த்து 15 அங்குல உயரம், உள்ளே சாமான் வைக்க இடம். டீப்பாய் வேண்டாம், மடக்குக் காலின் மேல் ஒரு பித்தளைத் தட்டு போதும்.

அடுத்தது கம்பளம். கிலிம் என்றால் முடிச்சில்லாத தட்டை நெசவு. லேசானது, உதறிப் போடலாம். முடிச்சுக் கம்பளத்தைக் காட்டி ‘கையால் முடிச்சிட்டது’ என்று கடைக்காரர் சொன்னால் புரட்டிப் பாருங்கள். பின்பக்கமும் கோலம் தெளிவாகத் தெரிய வேண்டும். ஓரக் குஞ்சம், நெசவில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலின் நீட்சியாக இருக்க வேண்டும். தனியாகத் தைத்து ஒட்டிய குஞ்சம் என்றால் பேரம் பேசவே வேண்டாம், வெளியே வந்துவிடுங்கள்.

துருக்கியின் இஸ்னிக் ஊர்ப் பாணி ஓடுகள் (வெள்ளைப் பின்னணியில் நீலம், பச்சை, தக்காளிச் சிவப்பில் துலிப், கார்னேஷன் பூக்கள்) ஒரே ஒரு மாடத்துக்கு மட்டும் போதும். சுவர் முழுக்க ஒட்டினால் அது வீட்டு அறை மாதிரி இருக்காது. 16ஆம் நூற்றாண்டில் அந்த ஓடுகள் பெரும்பாலும் மசூதிகளுக்கும் அரண்மனைகளுக்கும்தான் போயின.

வண்ண விளக்குகளில் ஒன்றை வாங்குங்கள், மூலையில் தொங்கவிடுங்கள். பழைய மாளிகைகளில் வண்ணம் வந்தது விளக்கிலிருந்து அல்ல. மேல்வரிசை ஜன்னலில் ஜிப்சம் சாந்துச் சட்டத்தில் பதித்த சிறு வண்ணக் கண்ணாடிகள் வழியே, பகல் வெயிலில். உங்கள் ஜன்னலுக்கு மேல் வென்டிலேட்டர் இருந்தால், விளக்குக் காசை அங்கே போடலாம்.