அலுவலகக் குழுக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளப் பயன்படுத்தும் ஸ்லாக் செயலி உண்மையிலேயே ஒரு வீடியோ கேமிலிருந்து பிறந்ததா?

ஆமாம். ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்டும் நண்பர்களும் தொடங்கிய டைனி ஸ்பெக் நிறுவனம், 2011-ல் கிளிட்ச் என்ற ஆன்லைன் விளையாட்டை வெளியிட்டது. போதிய ஆட்கள் வரவில்லை. 2012 இறுதியில் மூடிவிட்டார்கள்.

ஆனால் வான்கூவர், சான் பிரான்சிஸ்கோ என்று பிரிந்திருந்த அந்தக் குழு, தங்களுக்குள் பேச ஐ.ஆர்.சி. என்ற பழைய அரட்டை முறையைப் பயன்படுத்தியது. அதில் ஒரு சிக்கல்: நீங்கள் இணைப்பில் இல்லாத நேரத்தில் மற்றவர்கள் பேசியது உங்களுக்குக் கிடைக்காது. அதனால் எல்லா உரையாடலையும் சேமித்து, பிறகு தேடி எடுக்கும் வசதியைத் தாங்களே எழுதிச் சேர்த்தார்கள். விளையாட்டு போன பிறகு கையில் மிஞ்சிய அந்த யோசனையைத்தான் புதிதாக எழுதி ஸ்லாக் ஆக்கினார்கள். என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையின் உயிரே இதுதான்: விற்பதற்காக அல்ல, சொந்தத் தேவைக்காகச் செய்தது.

இதில் இன்னொரு ஆச்சரியம், பட்டர்ஃபீல்டின் முந்தைய வெற்றியான ஃபிளிக்கர் என்ற புகைப்படப் பகிர்வுத் தளமும் இப்படி முடியாமல் போன ஒரு விளையாட்டிலிருந்து வந்ததுதான்!

அப்புறம் எல்லாம் வேகம். 2013-ல் முன்னோட்டம், 2014 பிப்ரவரியில் பொது வெளியீடு, 2019-ல் நியூயார்க் பங்குச் சந்தை. 2021-ல் சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம் அதைச் சுமார் 2,770 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது.